தாத்தாவின் சவரக் கத்தி: பாகங்கள் அசல்தானா?

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது, மடக்குச் சவரக் கத்திக்குப் பெயர்போன ஊர்கள் இங்கிலாந்தின் ஷெபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். அந்தக் காலத்துக் கத்தி உங்கள் வீட்டில் இருந்தால், விற்கும் முன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, அலகின் அடியிலுள்ள முத்திரை. அது அலகுக்கு மட்டுமே சான்று, கைப்பிடிக்கு அல்ல.

இரண்டாவது, மடக்கினால் அலகு கைப்பிடிக்குள் சரியாக அடங்க வேண்டும். முனை வெளியே நீட்டினால், கைப்பிடி வேறு கத்தியுடையதாக இருக்கலாம்.

மூன்றாவது, ஆணிகள். ஒன்று மட்டும் பளபளத்தாலோ, சுற்றிலும் சுத்தியல் தழும்பு இருந்தாலோ, அது மாற்றப்பட்டிருக்கலாம்.

பழுதுபார்த்த கத்தி போலியல்ல. அதை ‘முழுக்க அசல்’ என விற்பதுதான் தவறு. துருவை மணல்தாளால் தேய்க்காதீர்கள். முத்திரை அழிந்தால் அடையாளமே போய்விடும்.