கேட்டோவின் குதிரை

கிரேக்கத்தின் கைரோனியா என்ற சிற்றூரில் ஏறத்தாழ கி.பி. 46இல் பிறந்தவர் புளூட்டார்க். டெல்ஃபியில் அப்போலோ கோயில் பூசாரியாகவும் இருந்தார். ஒரு கிரேக்கரையும் ஒரு ரோமானியரையும் இணைத்து இவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் 22 இணைகள் நமக்குக் கிடைத்துள்ளன. போர்களை வரிசைப்படுத்துவது இவர் நோக்கமல்ல. ஓவியர் முகத்தையும் கண்ணையும் உற்று நோக்குவதைப் போல, ஒருவர் போகிறபோக்கில் சொன்ன சொல்லில், செய்த சிறு செயலில் குணத்தைத் தேடினார்.

அந்த ரோமானியர்களில் ஒருவரான மூத்த கேட்டோவைப் பாருங்கள். ஸ்பெயின் போர்களில் தம்மைச் சுமந்த குதிரையை, கப்பல் செலவு அரசுக்கு மிச்சமாகட்டும் என்று அங்கேயே விட்டு வந்தார். வயதான அடிமைகளை விற்றுவிடுவார். இது பெருந்தன்மையா, சின்னத்தனமா? தீர்ப்பை வாசகரிடம் விடும் புளூட்டார்க், அடிமைகள் என்று வரும்போது பொறுக்கமாட்டாமல் தாமே பேசுகிறார்: அது கல்நெஞ்சம், தமக்காக உழைத்துக் கிழடான எருதைக்கூட விற்க மனம் வராது. இவர் எழுத்தில் மிகவும் ஈரமான பக்கம் இதுதான். பார்த்தெனான் கோயிலைக் கட்ட உழைத்த கோவேறு கழுதை ஒன்று, ஓய்வு கொடுத்த பிறகும் தானாகவே வந்து மற்றவற்றுக்கு முன்னே நடந்ததாம். சாகும்வரை அதற்குப் பொதுச் செலவில் தீனி போட ஏதென்ஸ் மக்கள் முடிவெடுத்ததையும் இங்கேதான் சொல்கிறார். கேட்டோவுக்கு இணையாக இவர் வைத்த கிரேக்கர், ஏதென்ஸின் அரிஸ்டைடீஸ்.