அதிகாரி வருகிறார்... தூளியைக் கழற்று!

லண்டனில் பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும் நாள்

லண்டன். காலை நேரம். போன் மணி அடிக்கிறது. "ஆப்ஸ்டெட்டில் இருந்து பேசுகிறோம். உங்கள் வீட்டைப் பார்க்க என்றைக்கு வரலாம்?"

அவ்வளவுதான்! அந்த வீட்டில் ரகளை தொடங்கிவிடும்.

ஆப்ஸ்டெட் என்பது இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களைச் சோதனை போடும் அரசு அலுவலகம். வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்து, கூலி வாங்கிக்கொண்டு பார்க்கும் பெண்களுக்கும் அதுதான் எஜமான். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் என்று நம்மவர்கள் நிறைய வாழும் பகுதிகளுக்கும் இதே சட்டம்தான்.

போனை வைத்த கையோடு திரைச்சீலை துவைக்கப்படும். புருஷன் கடையைப் பாதியில் விட்டு வந்து கதவுக்கு பெயிண்ட் அடிப்பார். புது பொம்மைகள் வந்து இறங்கும்.

இதில் பாதி வீண் வேலை என்பேன். அதிகாரி வீட்டின் அழகுக்கு மார்க் போட வரவில்லை. வாய் திறந்து புகார் சொல்லத் தெரியாத பச்சைப் பிள்ளையை இந்தக் கையில் விடலாமா என்று பார்க்க வருகிறார்.

போலீஸ்காரிகளே மாட்டினார்கள்!

உறவில்லாத பிள்ளையை, 8 வயதுக்குள் இருந்தால், உங்கள் வீட்டில் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்த்தால் பதிவு கட்டாயம். பதியாமல் பார்த்தால் குற்றம். பாட்டி, அத்தை, சித்தி பார்த்தால் பரவாயில்லை.

இந்தக் கட்டுப்பாடு நேற்று வந்ததில்லை. முதல் சட்டம் 1948-லேயே வந்தது. உள்ளூர் நிர்வாகத்திடம் இருந்த இந்த வேலை 2001-ல் ஆப்ஸ்டெட் கைக்கு மாறியது.

2009-ல் ஒரு கூத்து நடந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் இரண்டு பெண் போலீசார் முறை வைத்து வேலைக்குப் போனார்கள். ஒருத்தி டியூட்டிக்குப் போனால் மற்றவள் இரண்டு வீட்டுப் பிள்ளையையும் பார்ப்பாள். காசு பைசா கைமாறவில்லை. ஆனாலும் "இதுவும் பிரதிபலன்தான், பதிவு செய்யுங்கள்" என்று உத்தரவு வந்தது! நாடே கொதித்தது. அதன் பிறகுதான் சிநேகிதிகள் மாறி மாறிப் பார்ப்பதற்கு அரசு விலக்கு கொடுத்தது.

கொழுந்தன் இருக்கிறாரா?

8 வயதுக்குள் 6 பேருக்கு மேல் கூடாது. அதில் பள்ளி வயது வராத சின்னதுகள் 3. அந்த மூன்றில் 1 வயது நிரம்பாதது பொதுவாக ஒன்றே ஒன்று. உங்கள் சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

12 மணி நேர முதலுதவிப் பயிற்சி வேண்டும். அதை 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

நம்ம வீடுகளில் இடிக்கும் இடம் வேறு. வீட்டில் குடியிருக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் போலீஸ் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. ஊரில் இருந்து வந்து மாடி அறையில் தங்கிவிட்ட கொழுந்தனும் இதில் அடக்கம். "அவர் பாட்டுக்கு இருக்கிறார், எதுக்கு எழுதணும்?" என்று விட்டால் வம்பு. மறைத்த பெயர் பிறகு தெரிய வந்தால், பிள்ளையை ஒப்படைத்த தாய் மறுபடி நம்புவாளா?

தமிழில் கொஞ்சலாமா என்று சிலருக்குப் பயம். தாராளமாகக் கொஞ்சலாம். வீட்டு மொழி பேசுவது நல்லது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஆம்புலன்சைக் கூப்பிடவும், குறிப்பு எழுதவும் இங்கிலீஷ் வேண்டும்.

மல்லாக்கப் படுக்க வை!

அதிகாரி முக்கியமாகக் கேட்பது தூக்கம். பிள்ளை எங்கே தூங்குகிறது, எப்படிப் படுக்க வைக்கிறாய், எத்தனை தடவை போய்ப் பார்க்கிறாய்?

ஒரு நோயும் இல்லாத குழந்தை தூக்கத்திலேயே செத்துக் கிடப்பதை அங்கே தொட்டில் சாவு என்பார்கள். 1991-ல் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பிரிட்டனில் பெரிய பிரசாரம் நடந்தது. அதற்குப் பிறகு இந்தச் சாவு சுமார் 80 சதவீதம் குறைந்துவிட்டது. மருந்து இல்லை, ஊசி இல்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதே பெரிய காரணம்!

மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் கூடாது. அறைச் சூடு 16 முதல் 20 டிகிரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து நேரம் குறித்து வைப்பவர்கள் உண்டு.

நம்ம தூளி இந்தக் கணக்கில் தேறாது. சேலைத் தூளியில் பிள்ளை வளைந்து கிடக்கும், முகம் துணியில் அழுந்தும். அதிகாரி வரும் அன்று மட்டும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கார் தெரு முனை திரும்பியதும் மறுபடி கட்டினால் யாரை ஏமாற்றுகிறோம்?

உரை மருந்து கதையும் இதேதான். தாயின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த மருந்தும் பிள்ளை வாயில் போகக்கூடாது. 1 வயதுக்குள் தேன் நக்க வைக்கவே கூடாது.

அந்த நீல நிறம்!

கடைசியில் ஒரு கேள்வி வரும். "நகரத் தெரியாத பிள்ளையின் உடம்பில் கன்றிப்போன காயம் பார்த்தால் என்ன செய்வாய்?"

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கும் எனக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். தவழாத பிள்ளை தானாக எங்கும் போய் மோதாது. "தாய் பாவம், கேட்டால் கோவிச்சுக்குவா" என்று மூடி மறைப்பது பதில் ஆகாது. எழுதி வைத்து, உள்ளூர் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் நம்ம பிள்ளைகள் பலருக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறக்கும்போதே நீலத் திட்டு இருக்கும். அது காயம் அல்ல. வளர வளர மறையும். தெரியாதவர் கண்ணுக்கு அடித்த தழும்பு மாதிரியே தெரியும்! பழி பெற்றவள் மேலும் விழலாம், பார்த்துக்கொள்பவள் மேலும் விழலாம்.

விவரம் தெரிந்த பெண்கள் பிள்ளையை வாங்கும் முதல் நாளே, தாய் முன்னிலையில் உடம்பைப் பார்த்து, திட்டு எந்த இடம், எவ்வளவு பெரிசு என்று எழுதி, தாயிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிள்ளையின் சுகாதாரச் சிவப்புப் புத்தகத்தில் நர்ஸ் அதைக் குறித்திருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதிகாரி வந்து உட்காரும்போது மேஜை மேல் இருக்க வேண்டியது அந்தத் தாள். பெயிண்ட் காயாவிட்டாலும் பரவாயில்லை.