பழைய ஃபெராரி, போர்ஷே வாங்கப் போறீங்களா? கார் விலைக்கு முன்னாடி இதைப் பாருங்க!

புது ஃபார்ச்சூனர் வாங்கும் காசுக்கு 15 வருஷப் பழைய போர்ஷே! இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு ரீல்ஸ் கண்ணில் பட்டால், "அட, நம்மாலும் முடியும் போலிருக்கே" என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஒரு வரி விட்டுப்போகும்.

கார் பழசாகப் பழசாக அதன் விலைதான் குறைகிறது. உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. கோடிகளில் விற்ற காரை லட்சங்களில் வாங்கலாம். ஆனால் அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் எல்லாம் கோடி ரூபாய் காருக்கு உரிய விலையில்தான் வரும். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம்ம ஊரில் கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இங்கேயும்.

அப்படியானால் எதையுமே வாங்கக் கூடாதா? அப்படி இல்லை. எந்த மாடல், எந்த ஆண்டு, என்ன கியர்பாக்ஸ் என்பதைப் பொறுத்துச் செலவு தலைகீழாக மாறும்.

ஒரே கம்பெனி, 3 கார், 3 விதச் செலவு

ஃபெராரியையே எடுத்துக்கொள்வோம். 1990-களில் வந்த எஃப்355 பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்றால் எஞ்சினையே காரில் இருந்து கீழே இறக்க வேண்டும். டைமிங் பெல்ட் என்பது ரப்பர் பட்டை. எஞ்சினின் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் இயங்க அதுதான் காரணம். அறுந்தால் எஞ்சின் காலி. அதனால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றித்தான் ஆக வேண்டும். பெல்ட் விலை பெரிதில்லை, எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. வெளிநாடுகளிலேயே இந்த ஒரு சர்வீஸுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். இதே காரில் வால்வு கைடு சீக்கிரம் தேய்வதும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவதும் பலருக்கும் தெரிந்த பிரச்சனைகள்.

அடுத்து 1999-ல் வந்தது 360 மொடேனா. இதிலும் பெல்ட்தான். ஆனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேனலைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டே கிடையாது, செயின். பெல்ட் மாற்றும் செலவு மொத்தமாகப் போச்சு. (மேனிஃபோல்டு விரிசல் மட்டும் இதிலும் விடவில்லை.)

மூன்றுமே 8 சிலிண்டர் கார்கள், எஞ்சின் நடுவில் இருப்பவை. ஆனால் வாங்கும்போது மலிவாகத் தெரியும் கார், வைத்திருக்கும்போது மலிவாக இருக்கும் என்று சொல்லவே முடியாது.

கிளட்ச் எத்தனை பர்சென்ட் மிச்சம்?

360, எஃப்430 கார்களின் 'எஃப்1' கியர்பாக்ஸ், லம்போர்கினி கயார்டோவின் 'இ-கியர்', முதல் தலைமுறை ஆடி ஆர்8-ன் 'ஆர்-டிரானிக்' ஆகிய மூன்றுமே ஒரே வகை. கிளட்ச் பெடல் இருக்காது. ஆனால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கும் வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்யும்.

நிறையப் பேர் இதை ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். டிராஃபிக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, அபார்ட்மென்ட் சரிவில் ரிவர்ஸ் ஏற்றுவது... ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேயும். நெடுஞ்சாலையில் ஓடிய கார் ஒரு கிளட்ச்சில் பல்லாயிரம் கிலோமீட்டர் தாங்கும். நகர நெரிசலில் ஓடிய அதே கார் அதில் கால்வாசி கூடத் தாங்காமல் போகலாம். ஓடோமீட்டரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியின் டயக்னாஸ்டிக் கருவியைச் செருகினால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டிவிடும். அந்த எண்ணைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதற்குப் பின் வந்த ஃபெராரி 458, லம்போர்கினி ஹுராகான், 2013 முதலான ஆர்8 ஆகியவற்றில் இரட்டை கிளட்ச். நெரிசலைத் தாங்கும். ஆனால் இதிலும் ஒரு பயம் உண்டு. கியர்பாக்ஸுக்குள் பழுது வந்தால், ஆரம்ப காலத்தில் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வது வழக்கமாக இருந்தது.

போர்ஷே 911: ஒரு சின்ன பேரிங்

தினமும் ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் எடுத்தது 911. ஆனால் 1990-களின் கடைசியில் இருந்து 2008 வரை வந்த சாதாரண 911 மாடல்களில் ஐ.எம்.எஸ் பேரிங் என்ற ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பேரிங் அது. அதன் சீல் பழுதாகி உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விட்டால், பேரிங் உடையும். பேரிங் உடைந்தால் எஞ்சினே போகும். அமெரிக்காவில் இதற்காக வழக்கு நடந்து, 2013-ல் சமரசத்தில் முடிந்தது.

எல்லா காரிலும் உடைவதில்லை. 2005 வரையிலான எஞ்சின்களில் பெரும்பாலும், கிளட்ச் மாற்றும்போதே இதையும் முன்கூட்டி மாற்றிவிடலாம். முந்தைய ஓனர் மாற்றியிருக்கிறாரா என்று பில் கேளுங்கள். அதற்குப் பின் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, பலமானது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் இருந்து எஞ்சினே புதிது, இந்தப் பேரிங்கே இல்லை. அந்தக் கால டர்போ, ஜிடி3 மாடல்களுக்கு வேறு எஞ்சின் என்பதால் அவையும் தப்பித்தன. விலையில் மட்டும் தப்பிக்க முடியாது!

"12 வருஷத்துல 6,000 கிலோமீட்டர்தான் சார்"

இதைக் கேட்டதும் சந்தோஷப்படாதீர்கள். ஓடாமல் நின்ற கார்தான் அதிகம் செலவு வைக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியும். பேட்டரி செத்துப்போகும். டயர் பூ குறையாமல் பளிச்சென்று இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். டயர் பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். இவ்வளவு வேகம் போகும் காரில் அந்த டயரோடு ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

நம்ம ஊர் வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் கால ஃபெராரிகளில் ஸ்விட்ச்சுகளின் மேல் பூசிய மெத்தென்ற பூச்சு உருகி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கார் ஓடுவதற்கு இதனால் ஆபத்தில்லை, ஆனால் சரி செய்யவும் காசு.

அடுத்து பிரேக். கார்பன் செராமிக் டிஸ்க் இருந்தால் 4 சக்கரத்துக்கும் மாற்றும் செலவு, ஒரு புது சின்ன கார் விலையைத் தாண்டிவிடும். சாலையில் மட்டும் ஓடிய கார் என்றால் அவை நீண்ட காலம் உழைக்கும், ரேஸ் டிராக்கில் ஓடியது என்றால் உழைக்காது.

இதையெல்லாம் யார் பார்ப்பது? விற்பவருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தமில்லாத, அந்த பிராண்டைத் தெரிந்த மெக்கானிக். லிஃப்ட்டில் ஏற்றி, சிலிண்டர் லீக் டெஸ்ட் எடுத்து, கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். மேனுவல் 911-ல் தப்பான கியரைப் போட்டு எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கை இல்லையா?" என்று விற்பவர் கேட்டால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

சர்வீஸ் ஃபைல் தடிமனாக இருப்பது நல்ல அறிகுறி. ஃபெராரி 2010-களின் தொடக்கத்தில் இருந்து பல சந்தைகளில் 7 ஆண்டு சர்வீஸ் திட்டம் தருகிறது. கார் கை மாறினாலும் மிச்ச ஆண்டுகள் புது ஓனருக்கு வரும். ஆனால் அது வழக்கமான சர்வீஸுக்கு மட்டும்தான், பழுதுக்கு அல்ல.

துபாயில் இருந்து கொண்டு வரலாமா?

அங்கே மலிவுதான். ஆனால் தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆன காரைப் பொதுவாக இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய முடியாது. ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும். அதனால் இங்கே ஏற்கெனவே இருக்கும் சில கார்களுக்குள்தான் தேட வேண்டும். வெளிமாநிலப் பதிவு என்றால், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்.டி.ஓ-வில் கேட்டுக்கொண்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

கடைசியாக மழை. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில், தரையோடு தரையாக இருக்கும் இந்தக் கார்களை எங்கே நிறுத்துவீர்கள் என்பதும் பராமரிப்புச் செலவுதான். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் நீர் புகுந்து பழுதானால் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக கை விரித்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற தனி கவர் வேண்டும். கார் பழசாகிவிட்டால் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் காரின் ஆண்டைச் சொல்லி, கிடைக்குமா என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.