லேப்டாப் ஆன் ஆகவில்லை, கோப்புகள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது. உங்கள் படங்களும் கணக்குகளும் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டியில் (தகவலைச் சேமித்து வைக்கும் பாகம்). சார்ஜர், திரை, மதர்போர்டு எது பழுதானாலும் அது மட்டும் நன்றாகவே இருக்கலாம். அதனால் பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஒரு விஷயம் முதலில். உள்ளே தண்ணீரோ டீயோ கொட்டியிருந்தாலும், பேட்டரி உப்பி அடிப்பாகம் தூக்கியிருந்தாலும் ஆன் செய்து பார்க்கவே வேண்டாம்; சார்ஜும் போட வேண்டாம். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

விளக்கு எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லையா? மின்சாரம் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். வேறு சார்ஜர் கிடைத்தாலும் முனை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும்; ஆம்பியர் குறையக் கூடாது.

அப்படியும் அசையவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழற்றும் வகையென்றால் அதையும் எடுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் சில நேரம் சிக்கி நின்றுவிடும். மிச்ச மின்சாரம் வடிந்ததும் புதிதாகத் தொடங்கும். கோப்புகளுக்கு இதனால் ஆபத்தில்லை.

விசிறி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டா? கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியில் இணையுங்கள். படம் வந்துவிட்டால், முதல் வேலையாக முக்கியமானவற்றைப் பென் டிரைவில் நகலெடுங்கள். விளக்கு மாறாமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் பாகம்) தளர்ந்திருக்கலாம். சில சமயம் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும்.

விண்டோஸ் சின்னம் வந்து அப்படியே நிற்கிறதா? சின்னம் தெரியும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் பக்கம் தானாக வரும். அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருக்கும் ‘ரீசெட்’டை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது உங்கள் கோப்புகளை அழித்துவிடக்கூடும்.

48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறதா? அது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) கேட்பது. போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். இன்று லேப்டாப் நன்றாக இருந்தாலும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ‘ஃபார்மட் பண்ணணும்’ என்றால்? உடனே தலையாட்டாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல இடங்களில் ‘சேஃப் மோட்’ (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் நிலை) வழியாக நுழைந்து ஒரு கோப்பை நீக்கியதே தீர்வாக இருந்தது. ஃபார்மட் தேவைப்படவில்லை.

அதனால், ‘முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தனியே கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்க முடியும். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மாடல் என்றால் கடினம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் வந்தால், திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். டேட்டா மீட்பவரிடமே கொடுங்கள்.