120 மணி நேரம் பயன்படட்டும்

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுகள் தொண்டு செய்ய வேண்டும். திருவனந்தபுரத்தில் பயிலும் நம் பிள்ளைகளும் இதில் சேர்கிறார்கள்.

வெள்ளாயணிக் காயலுக்கு ஒரு ஞாயிறன்று சென்று ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையேற்றுவது நல்ல பணிதான். ஆனால் ஏற்ற சூழலில் அச்செடி இரண்டு வாரத்தில் இரு மடங்காகிவிடும். அடுத்த முறை மாணவர்கள் வேறிடம் போனால், பட்ட பாடு வீண்.

இருப்புப்பாதையில் ஒவ்வொரு கேங்குக்கும் இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை என்று பொறுப்பு உண்டு. அதே ஆட்கள் அதே பாதையைப் பார்ப்பதால்தான் தளர்ந்த போல்ட் கண்ணில் படுகிறது.

இம்முறையை இங்கும் கைக்கொள்ளலாம். 1986இல் இந்நகரில் தோன்றிய 'தணல்' போன்ற அமைப்புகளிடம் அனுபவம் இருக்கிறது. கல்லூரிகளிடம் ஆள்பலம் இருக்கிறது. (தணல் நமக்கு நெருப்பு; மலையாளத்தில் நிழல்!) ஓர் அமைப்பின் வழிகாட்டலில் ஒரு கல்லூரிக்கு ஒரு கரை என்று ஒப்படைத்து, மூத்த மாணவரின் குறிப்பேட்டை இளையவர் தொடரட்டும்.

பெற்றோர்களே, "சான்றிதழ் வந்ததா?" என்பதோடு, "உன் கரை எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.