தம் போடுமுன் பிரிக்க வேண்டிய மூட்டை

சித்தையன்கோட்டை நெல் விளையும் ஊர். அரிசி விஷயத்தில் இங்கே யாரையும் லேசில் ஏமாற்றிவிட முடியாது. அப்படியிருந்தும் கல்யாண பிரியாணிக்கு வரும் பண்டாரி, அடுப்பு மூட்டுவதற்கு முன் சீரகச் சம்பா மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். பழைய அரிசிக்குள் ஒரு மூட்டை புது அரிசி புகுந்தாலும் தேக்சா முழுவதும் குழைந்துவிடும். "ஒரு மூட்டையைப் பார்த்தா போதாதா?" என்று ஒரு முறை கேட்டேன். "எல்லாம் ஒரே களத்து அரிசியா மாமு?" என்று திருப்பிக் கேட்டார்.

பதவி உயர்வுக்காகப் போலிப் பட்டம் காட்டும் அரசு ஊழியர்கள் எப்படித் தப்புகிறார்கள் என்பதற்கு இந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லா மணியும் ஒரே அரிசியாக, ஒரே உலையில் வெந்திருந்தால்தான் பலிக்கும். கல்விச் சான்றுகள் அப்படிப்பட்டவை அல்ல. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தந்தவை. பட்டம் ஒரு பல்கலைக்கழகத்துடையது. முதுகலை, வேறு மாநிலத்துத் தொலைநிலைக் கல்வியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் தனி மூட்டை. முதல் இரண்டும் அசல் என்பதால் மூன்றாவதும் அசலாகிவிடாது.

வேலையில் சேரும்போது வாசலில் ஓரளவு காவல் உண்டு. சான்றுகளை வழங்கிய இடத்துக்கே அனுப்பி உண்மைத்தன்மை கேட்பார்கள். பதில் வந்த பிறகு பணிவரன்முறை, தகுதிகாண் பருவ நிறைவு என்று கோப்பு நகரும். காவல் தளர்வது அதற்குப் பின்னால்தான். ஊழியர் பணியில் இருந்துகொண்டே படித்ததாகச் சொல்லி, சில ஆண்டுகள் கழித்து ஒரு பட்டத்தைக் கொண்டுவருகிறார். தெரிந்த முகம், பக்கத்து மேசைக்காரர். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு எஸ்.ஆர். எனப்படும் பணிப்பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். உண்மைத்தன்மை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் பிரிவு எழுத்தர் மாறிவிடுகிறார், அதிகாரியும் மாறுதலில் போய்விடுகிறார்.

எஸ்.ஆரில் ஏறிய அந்த ஒரு வரிதான் தம். மூடியைப் போட்டு மேலே கங்கு பரப்பிய பிறகு தேக்சாவை யாரும் திறப்பதில்லை. அடுத்த அலுவலகம் எஸ்.ஆரைப் பார்க்கும், சான்றைப் பார்க்காது. பதவி உயர்வுக்கான பேனல் தயாரிப்பவரும் எஸ்.ஆரைத்தான் நம்புகிறார். ஒருவர் சொன்ன பொய், இரண்டு கையெழுத்துகளுக்குப் பிறகு அலுவலகமே சொல்லும் உண்மையாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். கூடுதல் கல்விக்கு ஊக்க ஊதிய உயர்வு தரும் முறையைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்தும் வரை, பதவி உயர்வுக்கு முன்பே அந்த வரி சம்பளத்தையும் கூட்டித் தந்தது.

போலியிலும் ரகங்கள் உண்டு. அச்சடித்த போலியைப் பிடிப்பது சுலபம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போதும். மூட்டை மட்டும் நிஜமாக இருந்து, உள்ளே இருப்பது வேறாக இருந்தால்தான் சிக்கல். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் தமிழ்வழியில் படித்ததாகச் சான்று காட்டிச் சிலர் குரூப் 1 பணிக்குள் போனதாகப் புகார் எழுந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை லஞ்ச ஒழிப்புத் துறையின் விசாரணைக்கு அனுப்பியது. இமாசலப் பிரதேசத்தின் சோலனில் உள்ள மானவ் பாரதி பல்கலைக்கழகத்தின் மீது பட்டங்களையே விற்றதாக 2020-இல் வழக்கு வந்தது. விற்ற மில்லிடமே "இது உங்கள் அரிசிதானா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் உயர் பொறுப்பில் இருந்த லாரா கேலஹன் காட்டிய பட்டங்கள், வயோமிங் மாநிலத்தில் பழைய விடுதிக் கட்டடம் ஒன்றில் நடந்த ஹாமில்டன் என்ற பெயர்ப்பலகைப் பல்கலைக்கழகம் தந்தவை. 2004-இல் அவர் பதவி விலகினார். அதே ஆண்டு அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம், அங்கீகாரம் இல்லாத மூன்று நிறுவனங்களின் மாணவர் பட்டியலில் மட்டும் 463 மத்திய அரசு ஊழியர்களைக் கண்டது.

மூடி திறந்துவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-இன்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, பணிநீக்கம். போலி ஆவணத்தை அசலாகக் காட்டியதற்குத் தனியே குற்ற வழக்கும் வரும். இத்தனை வருடம் உழைத்தேனே என்ற வாதம் எடுபடாது. பொய்யான சாதிச் சான்றால் வேலை பெற்று 27 ஆண்டுகள் பணியாற்றிய கேரளக் காவல் அதிகாரி ஒருவருக்கு ஓய்வூதியமும் கிடையாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடித்தளமே பொய் என்றால் அது நியமனமே ஆகாது என்பது அதன் சாரம். 2015-இல் பாட்னா உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது. போலிச் சான்றால் சேர்ந்த ஆசிரியர்கள் தாமாக விலகினால் வழக்கு இல்லை என்று அவகாசம் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். அத்தனை மூட்டைகளையும் அதற்கு முன் யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

என் நினைவு அடிக்கடி போவது பேனலில் அடுத்த பெயராக நின்றவரிடம்தான். பகலில் அலுவலகம், இரவில் பாடம், ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்பு என்று ஓடி, மூன்று ஆண்டில் பட்டம் வாங்கியவர். போலி பிடிபடும் நாளில் அவர் ஓய்வு பெற்றிருக்கவும் கூடும். இப்போது பல சான்றுகளை டிஜிலாக்கரில் நொடியில் சரிபார்த்துவிடலாம். பணிப்பதிவேட்டில் அந்த வரியை எழுதும் முன் அதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். பண்டாரி ஒரு மூட்டைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஆகாது.