இழுத்துப் போட்ட கோப்பு எங்கே போகிறது?

லினக்ஸில் சிடி, டிவிடி எழுத எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களின் தேவை பெரும்பாலும் எளியது. கோப்பை மவுஸால் பிடித்து இழுத்து ஒரு ஜன்னலில் போட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், தட்டு தயாராகிவிட வேண்டும். பதிலும் எளியதுதான். கேடிஇ பயன்படுத்துபவர்களுக்கு கே3பி, குனோம் பயன்படுத்துபவர்களுக்குப் பிரசெரோ, பழைய கணினியில் எக்ஸ்எஃப்சிஇ ஓட்டுபவர்களுக்கு எக்ஸ்எஃப்பர்ன். மூன்றும் இலவசம். எந்தச் சூழலிலும் எதையும் நிறுவிக்கொள்ளலாம். என் தேர்வு கே3பி: மேல் பாதியில் உங்கள் கோப்புகள், கீழ்ப் பாதியில் எழுதப்போகும் தட்டு, அடியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பச்சைப் பட்டை. முதல் முறை பார்ப்பவருக்கும் புரிந்துவிடும்.

மேலிருந்து கீழே ஒரு கோப்பை இழுத்துப் போடும்போது என்ன நடக்கிறது? எதுவுமே நகர்வதில்லை! 3 ஜிபி வீடியோவைப் போட்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கீழ்ப் பாதி, மளிகைக் கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு மாதிரி. பருப்பு என்று எழுதியிருக்கும், பருப்பு இன்னும் கடையில்தான் இருக்கும். அங்கே பெயரை மாற்றினாலும், ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்கினாலும், வன்தட்டில் இருக்கும் மூலக்கோப்புக்கு ஒன்றும் ஆகாது. எழுதத் தொடங்கும் முன் மூலக்கோப்பை அழித்துவிட்டால் மட்டும் பட்டியலில் வெறும் பெயர்தான் மிஞ்சும்.

பொத்தானை அழுத்திய பிறகும் லேசர் உடனே வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு கணக்கு நடக்கிறது. சிடியில் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் அந்தச் சுருளின் தொடக்கத்திலேயே வருகிறது. ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாத தட்டு என்பதால், கோப்புகளை எல்லாம் எழுதிவிட்டுப் பின்னால் வந்து பொருளடக்கத்தை நிரப்ப வழியில்லை. ஆகவே ஒரு பைட் எழுதுவதற்கு முன்பே, கடைசிக் கோப்பின் முகவரிவரை தீர்மானமாகிவிட வேண்டும். முகவரி என்பது செக்டர் எண். செக்டர் என்றால் 2,048 பைட் கொள்ளும் ஓர் அறை. 80 நிமிட சிடியில் அப்படி 3,60,000 அறைகள். ஒரே ஓர் எழுத்து உள்ள கோப்பும் ஓர் அறையை முழுதாக எடுத்துக்கொள்ளும். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் பச்சைப் பட்டை எதிர்பார்த்ததைவிட வேகமாக நீள்வது இதனால்தான்.

இந்தப் பொருளடக்கத்தின் இலக்கணம் 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமாக வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பெரிய எண்களைச் சேமிப்பதில் கணினிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. ஒரு கட்சி எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும், மறு கட்சி சிறிய பகுதியை. எந்தக் கட்சி சரி என்று தரத்தை வகுத்தவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு முகவரியையும் ஒவ்வொரு நீளத்தையும் இரண்டு விதமாகவும் அருகருகே எழுதச் சொல்லிவிட்டார்கள். படிக்கும் கணினி தனக்கு உகந்ததை எடுத்துக்கொள்ளும். இன்று நீங்கள் எழுதும் சிடியிலும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

பெயர் விஷயத்தில் அந்தத் தரம் அவ்வளவு தாராளமாக இல்லை. அதன் அடிப்படை நிலையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு மட்டுமே செல்லும். அதுவும் எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு. தமிழில் பெயர் வைத்த கோப்பு என்னாவது? அதற்காகப் பின்னால் இரண்டு நீட்சிகள் வந்தன. யூனிக்ஸ் உலகம் ராக் ரிட்ஜைக் கொண்டுவந்தது. பொருளடக்கத்தின் ஒவ்வொரு பதிவிலும் மிச்சமிருக்கும் இடத்தில் உண்மையான நீளப் பெயரைச் செருகிவிடுவது அதன் உத்தி. மைக்ரோசாஃப்ட் ஜோலியட்டைக் கொண்டுவந்தது. அது ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பைட் பெறும் யூனிகோட் பெயர்களோடு தனியே இன்னொரு பொருளடக்கத்தை எழுதிவிடும். ‘பொங்கல்’ என்று ஒரு கோப்பு இருந்தால் நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. கணினிக்கோ ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி என ஏழு. ஜோலியட்டின் வரம்பு 64 என்பதால், நீளமான தமிழ்ப் பெயர்கள் எதிர்பாராத இடத்தில் வெட்டுப்படும். ராக் ரிட்ஜில் இந்தத் தொல்லை குறைவு. இத்தனை பெயர்கள் இருந்தும் கோப்பு ஒரே பிரதிதான். இரண்டு பொருளடக்கங்களும் அதே செக்டரைச் சுட்டுகின்றன.

தட்டின் முதல் 16 செக்டர்களை ஐஎஸ்ஓ 9660 தொடவே இல்லை. 32 கேபி இடத்தை, யார் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டுவிட்டது. பல ஆண்டுகள் கழித்து லினக்ஸ்காரர்கள் அங்கே வன்தட்டுக்கு உரிய துவக்கப் பதிவு ஒன்றை வைத்தார்கள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின், முழுத் தட்டின் பிம்பமான ஒரே ஐஎஸ்ஓ கோப்பை டிவிடியில் எழுதினாலும் கணினி அதிலிருந்து எழும்புகிறது, பென் டிரைவில் அப்படியே இறக்கினாலும் எழும்புகிறது. அந்தக் காலி இடம் செய்த உபகாரம் இது.

முகவரிக் கணக்கு முடிந்ததும் எழுதுவது தொடங்குகிறது. முழுப் பிம்பத்தையும் முதலில் வன்தட்டில் உருவாக்கத் தேவையில்லை. ஒரு நிரல் செக்டர்களை வரிசையாக உருவாக்கிக்கொண்டே இருக்கும், இன்னொரு நிரல் அவற்றை வாங்கி டிரைவுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். கே3பி பெரும்பாலும் ஒரு முகம்தான். சிடி என்றால் சிடிரெகார்டையோ வோடிமையோ, டிவிடி என்றால் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸையோ பின்னால் நின்று வேலை வாங்குகிறது. எக்ஸ்எஃப்பர்ன் வேறு வழியில் போகிறது. லிப்பர்ன், லிப்ஐஎஸ்ஓஎஃப்எஸ் என்ற நிரலகங்களைத் தனக்குள்ளேயே இணைத்துக்கொண்டிருப்பதால் வெளி நிரல் எதையும் அது அழைப்பதில்லை. ஒரு மென்பொருள் ஒரு தட்டில் தகராறு செய்தால் மற்றதை முயன்று பார்க்கச் சொல்வது இதனால்தான். மாறுவது ஜன்னல் மட்டுமல்ல, அடியில் இருக்கும் இயந்திரமும்தான்.

சிடியை 48 மடங்கு வேகத்தில் எழுதும்போது நொடிக்கு 7.2 எம்பி தரவு டிரைவுக்குப் போக வேண்டும். அப்போது தட்டின் விளிம்பு லேசரைக் கடக்கும் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். ஒரு காலத்தில் கணினி நடுவில் சற்றுத் திணறினாலே தட்டு பாழ். 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனத்தின் பர்ன்-புரூஃப் வந்தது. தரவு தீரப்போகிறது என்று தெரிந்ததும் டிரைவ் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்தும், தரவு வந்ததும் மைக்ரான் கணக்கிலான இடைவெளி மட்டும் விட்டு அங்கிருந்தே தொடரும்.

வெற்று சிடி உண்மையில் வெற்றும் அல்ல. தொழிற்சாலையிலேயே அதில் ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுருள் பள்ளம் அச்சாகியிருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரான்தான். அந்தப் பள்ளமும் நேராக ஓடாமல் நுண்ணிதாக நெளிந்து நெளிந்து ஓடும். தட்டின் கொள்ளளவு, தயாரிப்பாளர் குறியீடு, இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற நேரக் கணக்கு எல்லாம் அந்த நெளிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. டிரைவ் இதைப் படித்துக்கொண்டு, உள் விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கிய பகுதியில் லேசரைப் பல அளவுகளில் சுட்டுப் பார்க்கும். உங்கள் தட்டின் சாயத்துக்கு எந்த வலு பொருந்துகிறதோ அந்த வலுவில்தான் எழுதும். ‘தயாராகிறது’ என்று சில நொடிகள் காத்திருக்க வைப்பதில் இந்த ஒத்திகைக்கும் பங்கு உண்டு.

கே3பியில் ‘எழுதியதைச் சரிபார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் ஒவ்வொரு செக்டரும் திரும்பப் படித்து ஒப்பிடப்படும். அதற்கு முன் தட்டு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போகும். பழுதென்று நினைத்துவிட வேண்டாம். வெற்றுத் தட்டு என்ற பழைய நினைவைக் கணினி உதறிவிட்டு, தட்டைப் புதிதாகப் படிக்கத்தான் இந்த ஏற்பாடு. மேசைக் கணினியில் தட்டு தானாகவே உள்ளே போய்விடும். லேப்டாப் டிரைவில் தட்டை உள்ளிழுக்கும் மோட்டார் பெரும்பாலும் இருக்காது. அங்கே கையால் உள்ளே தள்ளிவிட வேண்டும். அதுவரை கே3பி காத்திருக்கும்.